ஐந்தேகால் பஸ்

என் அபிப்பிராயத்தை அவ்வளவு நம்ப வேண்டாம்.
ஞாயிற்றுக்கிழமை பாமசியை ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு
இரண்டரை ஆட்டத்துக்குள் நுழைகிறவள் நான்.
எங்கள் டிவிசனுக்கு ஏறும் கடைசி பஸ்
ஹட்டனில் ஐந்தேகாலுக்கு.
அதனால் இந்த வருஷம் பார்த்த நாலு படத்தில்
ஒரு வில்லன் செத்ததைக்கூடப் பார்த்ததில்லை.

முதலாவது போலீஸ் படம்.
கதாநாயகன் வரும்போதெல்லாம் காற்று வீசுகிறது,
பூட்டிய அறைக்குள்ளும்.
அது பரவாயில்லை.
தோளில் பாய்ந்த குண்டை
அவனே கத்தியால் கிளறி எடுத்து
பல்லால் துணி கிழித்துக் கட்டுகிறான்.
"ஏற்பூசி போடலையா?" என்று சத்தமாய்க் கேட்டுவிட்டேன்.
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.
பத்து வருஷம் மருந்துக் கடையில் நின்றவளுக்கு
அந்தக் காயத்தைத் தாண்டிக் கதை நகரவில்லை.

அடுத்தது பேய்ப் படம்.
பேய் வருவதற்கு முன்னால் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை இருட்டு.
யாரோ ஒரு பிள்ளை
"அம்மா, இதுதானா?" என்றது.
பிறகு வந்த பேய்
அந்தக் கேள்வி அளவுக்கு இல்லை.

தேயிலை மலையில் எடுத்ததைப் பற்றித்தான் பேச வேண்டும்.
எந்த மலையோ. நம்முடையது இல்லை.
கதாநாயகி கொழுந்து எடுக்கிறாள்:
இடுப்பில் ரெட்டு இல்லை, காலில் அட்டை இல்லை,
நகத்தில் கறை இல்லை, சிவப்புப் பாலிஷ்.
கொழுந்துக்கு ஒரு சிரிப்பு.
பக்கத்தில் பிரிஸில்லா.
இப்போது துணிக்கடையில் நிற்கிறாள்,
பத்தொன்பதில் தோட்டத்தில் பேர் பதிந்தவள்.
பாட்டு முடியும்வரை எண்ணிக்கொண்டே இருந்தாள்.
"நாலரை நிமிஷத்துல பதினொரு கொழுந்து.
இவளுக்கு அரைப் பேர்கூட விழாது."
துரை மகன் அவளுக்காகப் பங்களாவை விட்டு இறங்கினான்.
எந்த லயத்தில் குடியேறினான் என்று காட்டவில்லை.
ஆனாலும் அவள் அப்பா
சம்பளத் துண்டை பல்பு வெளிச்சத்தில் பிடித்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிற ஒரு இடம்,
அரை நிமிஷம் இருக்கும்.
அதற்காக ஐந்நூறு ரூபாயை மன்னித்தேன்.

முடிவுகளை எனக்குச் சொல்வது கண்டக்டர் சமிந்த.
எல்லாப் படமும் புதன்கிழமையே அவன் ஃபோனில் வந்துவிடும்.
"அக்கா, அவன் சாகிறது இல்ல. தங்கச்சிதான் சாகிறது."
மிச்சக் காசு இருபது ரூபாய் தர வேண்டிய நாட்களில்
முடிவு நோர்வூட் வரைக்கும் நீளும்.
அந்தப் போலீஸ்காரன்
வேலையை விட்டு ஊரில் பேக்கரி போட்டான் என்றான்.
பொய் என்று பிறகு தெரிந்தது.
பேக்கரி நல்லாத்தான் இருந்தது.

போன ஞாயிறு டிக்கோயாவில் மண் சரிந்தது.
பஸ் இல்லை.
பிரிஸில்லாவின் போர்டிங்கில் படுக்கலாம் என்று
முதல்தடவையாக ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்தேன்.
அதில் வில்லனே இல்லை.
தண்ணீர் மோட்டர் திருத்த ஒருவன் வருகிறான்.
வீட்டுக்காரி பிளேன்டீ கொடுக்கிறாள்.
அவன் கழற்றுகிறான், பூட்டுகிறான், கழற்றுகிறான்.
பாட்டு இல்லை. பின்னால் ஒருவர் குறட்டை.
எனக்கு ஏனோ கண்ணை எடுக்க முடியவில்லை.
கடைசியில் மோட்டர் ஓடுகிறது.
அவள் குழாயின் கீழ் கோப்பையைப் பிடித்து நிற்கிறாள்.
குழாய்க்குள் காற்றுச் சத்தம்.
அவ்வளவுதான், லைட்டைப் போட்டுவிட்டார்கள்.
"காசைத் திருப்பிக் குடு!" என்றார்கள்.
நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.
இந்தப் படத்துக்கும் எங்கோ ஒரு பஸ் இருந்திருக்கிறது,
எழும்பிப் போய்விட்டது.

பாதை திறந்த அன்று
டிக்கட்டைக் கிழித்தபடி சமிந்த கேட்டான்:
"அக்கா, அந்த மோட்டர் படம் எப்படி முடிஞ்சது?
எனக்கு ஃபோன்ல பாதியில நின்னுட்டுது."

தண்ணி வந்திச்சு, என்றேன்.

"எவ்வளவு?"

கோப்பை நிறைஞ்சு, சிந்தி, குடத்துக்கும் வந்திச்சு.

அவன் கொஞ்சநேரம் கம்பியைப் பிடித்து நின்றான்.
பிறகு வழக்கம்போல
இருபது ரூபாய் குறைத்துத் தந்தான்.